புலிக்கு மட்டும்தானா பாதுகாப்பு?



போன வருஷம் எங்க தெருவில் ஒரு தறிக்கொட்டகைக்குள் ஏதோ மிருகம் புகுந்துவிட்டது. "சிறுத்தைக்குட்டி"ன்னு யாரோ கத்தினாங்க. எல்லாரும் கட்டையோடு ஓடினார்கள். நானும் ஒரு கல் எறிந்தேன். அது செத்த பிறகுதான் எங்க தாத்தா வந்து பார்த்து, "இது மரநாய்ம்மா, யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்றார். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதே கதி மீன்பிடிப் பூனைக்கும் நடக்கிறது. நம் பக்கத்து ஆந்திராவில், காக்கிநாடா அருகே கோரிங்கா சரணாலயத்தின் அலையாத்திக் காட்டில் இது வாழ்கிறது. தெலுங்கில் 'பாவுரு பில்லி' என்பார்கள். வீட்டுப் பூனை தண்ணியைக் கண்டாலே ஓடும். இதுவோ நீந்திப் போய் மீன் பிடிக்கும்! விரல் இடுக்கில் சவ்வு உண்டு. உள்மயிர் நெருக்கி நெய்த துணி மாதிரி இருப்பதால் தோலில் ஈரம் படாது. வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரிசு, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. அதனால் சிறுத்தை என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியைப் போலவே இதுவும் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அது வாழும் சதுப்பு நிலத்தை 'சும்மா கிடக்கிற சேறு' என்று சொல்லி, இறால் பண்ணை ஆக்கினால் பூனை எங்கே போகும்?

"பூனைக்காக மனுஷன் பட்டினி கிடக்கணுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்வது அந்தச் சேற்றில்தான். புயல் வேகத்தைக் குறைப்பதும் அலையாத்தி மரங்கள்தான். ஆகவே பூனையின் வீடு போனால் மீனவர் பிழைப்பும் போகும்.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் சரணாலயத்துக்கு வெளியே கணக்கெடுத்து, 176 மீன்பிடிப் பூனைகள் இருப்பதாக 2022-ல் அறிவித்தார்கள். அந்த வேலையில் உள்ளூர் மீனவர்களும் சேர்ந்தார்கள். வேலி இல்லாத இடத்தில் வாழும் மிருகத்துக்கு ஊர் ஜனங்கள்தான் காவல் என்பது என் கருத்து.

நம்ம ஊரில் இந்தப் பூனை இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. மரநாய் இருக்கிறது, ஏரி இருக்கிறது. ஏரியில் குப்பை கொட்டாமல் இருப்போம். தெரியாத மிருகம் வந்தால் பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குப் போன் பண்ணச் சொல்வோம். முதலில் கையில் இருக்கும் கல்லைக் கீழே போடுவோம். நான் போட்டுவிட்டேன். நீங்கள்?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பொதட்டூர்பேட்டை