பிறீமேசன் சபை ஒரு சமயமா?

கோயில் என்று பெயர் பெற்ற மண்டபம். அதனுள்ளே ஒரு பீடம். பீடத்தின்மீது விரித்து வைக்கப்பெற்ற திருநூல். கூட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பிரார்த்தனை. புதிதாகச் சேர்பவரைக் கண்கட்டி அழைத்துவந்து செய்யும் ஒருவகைத் தீட்சை. இத்தனையும் உடைய ஒன்றைச் சமயம் என்னாது வேறு யாதென்பது? பிறீமேசன் சபையைப் பற்றிக் கேள்வியுற்றோர் முதலில் எழுப்பும் வினா இதுவே. நன்மையே செய்கின்றார்களெனில் கதவை ஏன் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்தம் அடுத்த வினா. இவ்விரண்டனையும் இவ்வாரம் ஆராய்வோம்.

மேசன் என்னும் ஆங்கிலச் சொல் கற்றச்சனைக் குறிப்பது. கற்றச்சர்தம் பழைய கூட்டங்களிற் காலப்போக்கில் உளிபிடித்தறியாத கனவான்களும் சேரலாயினர். லண்டன் மாநகரில் நான்கு லொட்ஜுகள், அதாவது கிளைச்சபைகள், 1717 ஆம் ஆண்டில் ஒன்றுகூடிப் பெருஞ்சபை ஒன்றை நிறுவின என்பது அவர்களுடைய மரபு. ஜேம்ஸ் அண்டர்சன் என்னும் பாதிரியார் தொகுத்த விதிநூல் 1723 இல் வெளிவந்தது. நல்லோர் யாவரும் ஒப்பும் பொது அறத்தை மேற்கொள்க, தத்தம் தனிக் கொள்கையைத் தம்மளவில் வைத்துக்கொள்க என்பது அந்நூலின் கருத்து. சமயப் பிணக்கினால் ஐரோப்பா குருதி சிந்தி ஓய்ந்திருந்த காலம் அது. வெவ்வேறு கொள்கையினர் சண்டையின்றி ஒருங்கிருக்க ஓர் இடம் தேடினர் என்பதே உண்மை.

சமயம் எனப்படுவது இறை இன்னதென்று கூறும். உயிர் உய்யும் நெறியைக் காட்டும். அந்நெறியில் நிற்றற்குரிய சாதனங்களையும் வகுக்கும். மேசன் சபையோ இறைவனைப் "பிரபஞ்சத்தின் பெருஞ்சிற்பி" என்று கூறி, அவன் யாவன் என்பதை அவரவர்க்கே விட்டுவிடுகின்றது. விரித்து வைக்கும் திருநூலும் உறுப்பினரின் சமயத்திற்கேற்ப வேறுபடும். சமய விவாதமும் அரசியல் விவாதமும் சபைக்குள் விலக்கப்பட்டவை. ஆகவே அஃது ஒரு சமயமன்று. இங்கிலாந்துப் பெருஞ்சபை கூறுவதும் அதுவே.

ஆயினும் அதனைச் சமயத்தோடு தொடர்பே இல்லாத கூட்டமென்றும் கொள்ள இயலாது. இறையுண்மையை ஏற்பவனே உள்ளே புகலாம் என்பது அதன் விதி. இவ்விதி எத்துணைச் சிக்கலை விளைத்தது என்பதற்கு இந்திய வரலாறே சான்று. திருச்சிராப்பள்ளியிலே ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் உம்தத்-உல்-உமரா 1770 களிலேயே மேசனாயினர். இந்துக்களோ பல தெய்வங்களை வணங்குவோர் என்று கூறிக் கல்கத்தாவில் அவர்களுக்குக் கதவடைத்தனர். பிரசன்னகுமார் தத்தர் என்னும் வங்காள இந்து 1863 இல் விண்ணப்பித்து, லண்டன்வரை முறையிட்டு, 1872 இலேதான் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஒருவனுடைய கடவுட்கொள்கையை வாயிலில் நிறுத்தி எடைபோட்ட சபை, சமயத்துக்குப் புறம்பாய் நிற்பதெங்ஙனம்? பிரான்சு தேசத்துப் பெருஞ்சபை 1877 இல் இறைநம்பிக்கை வேண்டுமென்ற விதியை நீக்கியபோது, ஆங்கில மேசன்மார் அதனோடு உறவை முறித்துக்கொண்டனர்.

கத்தோலிக்கத் திருச்சபை பாப்பரசர் பன்னிரண்டாம் கிளெமந்து 1738 இல் விதித்த தடையை இன்றளவும் நீக்கவில்லை. 1983 இலும் 2023 இலும் அதனை மீளவும் வலியுறுத்திற்று. எல்லா நெறியும் ஒக்கும் என்னும் எண்ணத்தை அம்மண்டபம் ஊட்டிவிடும் என்பது அவர்தம் அச்சம். தம் நெறி ஒன்றே மெய் என்பார் இங்ஙனம் அஞ்சுதல் இயல்பே.

இனி மறைவைப் பற்றிச் சிறிது கூறுவாம். மறைத்தலெல்லாம் குற்றமாகாது. குரு செவியில் உபதேசித்த மந்திரத்தை நாமும் பிறர்க்கு உரைப்பதில்லை. அன்றியும் மேசன்மாரின் சடங்குகள் இன்று மறைபொருளுமல்ல. சாமுவேல் பிரிச்சார்ட் என்பவர் 1730 இலேயே அவற்றை அச்சிட்டு வெளியிட்டு விட்டார். கைகுலுக்கும் முறையை மறைப்பதனால் அயலானுக்கு நட்டம் யாதுமில்லை. ஆளை மறைப்பதே ஆபத்து. இத்தாலியிலே 1981 இல் லீச்சோ ஜெல்லி என்பவரின் இருப்பிடங்களைச் சோதித்த அதிகாரிகள், "பி-2" என்னும் கிளைச்சபையின் பெயர்ப்பட்டியலைக் கண்டெடுத்தனர். அதில் இருந்த பெயர்கள் 962. அமைச்சர்கள், படைத்தலைவர்கள், உளவுத்துறை அதிபர்கள் ஆகியோர் அதிற் காணப்பட்டனர். நாடு கொதித்தது, அரசாங்கம் கவிழ்ந்தது. மறுவருடமே இரகசியச் சங்கங்களைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. தாய்ச்சபையே அக்கிளையை 1976 இல் இடைநிறுத்தியிருந்தது என்பதையும் கூறாதுவிடின் நாம் நடுநிலை தவறியவராவோம்.

ஆதலின் மேசன் சபையைப் பேய்க்கூட்டம் என்று அஞ்சுவதும் பேதைமை. விளையாட்டுக் கழகம் என்று எண்ணுவதும் பேதைமை. எந்தச் சங்கத்தையும் அளத்தற்குரிய கோல் ஒன்றுண்டு. கதவுக்குப் பின்னே என்ன ஓதுகின்றார்கள் என்பதன்று அது. நீதிபதியின் ஆசனத்திலோ, உத்தியோகத்துக்கு ஆளெடுக்கும் மேசையிலோ அமர்ந்திருக்கும் ஒருவர், தம் சங்கத்தவனையும் அயலானையும் ஒரே கண்கொண்டு பார்க்கின்றாரா என்பதே. அக்கோலை மேசன் சபைக்கு மட்டுமன்றி, நம்முடைய பழைய மாணவர் சங்கத்துக்கும் ஊர்ச்சங்கத்துக்கும் தயங்காது வைத்துப் பார்ப்போமாக.