இயந்திரம் சொன்னால் யார் பொறுப்பு?

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையை ஒட்டிய நடைபாதையில் இரவில் போர்வை விரித்துப் படுத்திருப்பவர்களில் பலர் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். வரிசையில் காத்திருந்து மருத்துவர் முன் அமர்ந்தால் கிடைப்பது சில நிமிடங்களே. மருத்துவரைக் குறை கூறிப் பயனில்லை, கூட்டம் அப்படி. கையிலிருக்கும் செல்பேசியோ எத்தனை முறை கேட்டாலும் சலிப்பின்றி ஹிந்தியிலேயே பதில் சொல்கிறது. ஆய்வக அறிக்கையின் ஆங்கிலத்தை விளக்குகிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடலை எள்ளி நகையாடுவோர் இந்த நடைபாதையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

ஆனால், இயந்திரம் தவறையும் அதே சலிப்பின்மையோடுதான் சொல்கிறது. அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர் சாட்ஜிபிடியிடம் விசாரித்த பிறகு, சமையல் உப்புக்குப் பதிலாக மூன்று மாதங்கள் சோடியம் புரோமைடு உட்கொண்டார். அண்டை வீட்டுக்காரர் தனக்கு நஞ்சு வைப்பதாக அஞ்சியபடி மருத்துவமனைக்கு வந்தார். 2025-ல் வெளியான அந்த மருத்துவக் குறிப்பில் கவலையளிப்பது வேறொன்று. அவருக்கு இயந்திரம் என்ன சொன்னது என்பதைச் சிகிச்சையளித்த மருத்துவர்களால் பார்க்கவே முடியவில்லை. மருத்துவர் எழுதிய சீட்டு என்றால் கையெழுத்தாவது இருந்திருக்கும்.

நம் நாட்டில் விதிகள் இல்லாமலில்லை. செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் மருத்துவருக்கு உதவலாமே தவிர, நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து பரிந்துரைக்கவோ கூடாது என்று 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அரசின் இ-சஞ்சீவனி சேவையில் உத்தேச நோயை மென்பொருள் எடுத்துச் சொன்னாலும் முடிவு மருத்துவருடையதே. நோயறியும் மென்பொருளை மருத்துவக் கருவிகளின் வரையறைக்குள் சேர்த்து 2020 பிப்ரவரியிலேயே அறிவிக்கையும் வந்துவிட்டது.

பிறகு ஓட்டை எங்கே? "இது மருத்துவ ஆலோசனை அல்ல" என்ற ஒற்றை வரியில்தான். அதை அடியில் அச்சிட்டுவிட்டு, காய்ச்சலுக்கு எத்தனை மாத்திரை என்பதுவரை சொல்லிவிட முடிகிறது. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, கட்டணம் வாங்கும் மருத்துவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சிற்றூர் மருத்துவருக்குள்ள பொறுப்பு கோடிகளில் புரளும் நிறுவனத்துக்குக் கிடையாது என்றால், அது என்ன நியாயம்?

தடை செய்துவிடலாம் என்பது நடைபாதைவாசியின் கைத்தடியைப் பறிப்பதாகும். மருந்தின் பெயரும் அளவும் கூறும் எந்த உரையாடலையும், நிறுவனம் அதை எப்பெயரிட்டு அழைத்தாலும், மருத்துவக் கருவியாகவே கருத வேண்டும். உரையாடலின் நகல் நோயாளிக்கும், அவர் இசைந்தால் மருத்துவருக்கும் கிடைக்க வேண்டும். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதைக் காட்டி மத்திய அரசு ஒதுங்கவும் வழியில்லை. மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்துவது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம். அது மத்தியச் சட்டம்.