திரையில் வராத நம் தாத்தாக்கள்

ஜப்பானில் பிறந்த செசூ ஹயகாவா, 1915-இல் வெளிவந்த 'தி சீட்' எனும் ஊமைப்படத்தால் ஹாலிவுட் நட்சத்திரமானார். 1957-இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் சயாம் மரண ரயில் முகாமின் தளபதி சைட்டோவாக நடித்து, ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றார்.

அவருக்கு வில்லன் வேடமாவது கிடைத்தது. பாலம் கட்டுபவர்களாக வெள்ளைக்காரக் கைதிகளே வருகிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, பல்லாயிரக்கணக்கில் மடிந்த தமிழர்களைக் காணவில்லை.

படமெடுத்தவர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. புந்தோங்கிலும் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் உண்டு. மாணவர்களே, இந்த விடுமுறையில் பாட்டியிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா? பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நாளை நம் கதையைப் படமெடுக்க ஒருவர் வரலாம். அவரிடம் கொடுக்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.