எழுத்துக்கு எதற்கு இரவல் நகை?

கல்யாணப் பத்திரிகை வாசிப்பது இப்போதெல்லாம் கல்வெட்டு வாசிப்பதைப் போன்ற காரியமாகிவிட்டது. கல்வெட்டாவது காலத்தால் சிதைந்தது. பத்திரிகையை நாமே காசு கொடுத்துச் சிதைக்கிறோம்.

மாப்பிள்ளையின் பெயர் கிரி என்று வைத்துக்கொள்வோம். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இருக்கும் ‘அழகு எழுத்து’ ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு சுழி வைக்கிறது. ‘கி’யின் கொக்கி நுனியில் சுழி விழுந்தால் அது ‘கீ’. பெண் வீட்டார் ஒரு கீரிக்குப் பெண் கொடுப்பதாக ஊருக்கே அறிவித்துவிடுகிறார்கள். பல் வைத்தியருடைய போர்டில், அழகைக் கெடுக்கிறது என்று புள்ளியை எடுத்துவிட்டால், அந்த ஒரே மனிதர் பல வைத்தியர் ஆகிவிடுகிறார்.

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய சமாசாரமாக எனக்கு இது தோன்றவில்லை.

இங்கிலீஷ் எழுத்து நகை பூட்டிக்கொண்ட கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லண்டனில் வியாபார விளம்பரங்கள் பெருகின. புத்தகத்துக்கென்று செய்த எழுத்து சுவரில் எடுபடவில்லை. ஆகவே உடல் பெருத்த எழுத்துக்கள் வந்தன. கனத்த பட்டைப் பாதம் வைத்த எழுத்துக்கள் வந்தன. 1816இல் காஸ்லான் வார்ப்படசாலையின் மாதிரிப் புத்தகத்தில் பாதமே இல்லாத எழுத்தும் தலைகாட்டியது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மர எழுத்துக்களை இயந்திரத்தால் கடைந்து மொத்தமாகச் செய்யத் தொடங்கினார். அதன்பின் சுவரொட்டிகளில் நடந்த கூத்துக்குக் கணக்கில்லை.

அந்தக் கூத்தை இங்கிலீஷ் தாங்கியது. அவர்களுடைய ‘ஏ’க்கு வால் வைத்தாலும், தொப்பி வைத்தாலும், பூச் சுற்றினாலும் அது ‘ஏ’தான். நம்முடைய ‘எ’யின் காலில் சின்னதாக ஓர் இழுப்பு இழுத்தால் அது ‘ஏ’. ‘எடு’ என்று எழுதியது ‘ஏடு’ ஆகிவிடுகிறது. சுழி, கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாமே நமக்கு ஒலிகள். அலங்காரத்துக்கென்று தமிழ் எழுத்து ஒதுக்கிவைத்திருக்கும் இடம் மிகவும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் விளையாடத் தெரிந்தவன்தான் கலைஞன்.

இன்னொரு விஷயம். இங்கிலீஷ் எழுத்தின் தடிப்பும் மெலிவும் பட்டை முனைப் பேனா பழக்கிய பழக்கம். ஓலையில் எழுத்தாணி கீறிய கோடோ ஏறக்குறைய ஒரே தடிப்பு. ‘ப’வுக்கும் ‘ட’வுக்கும் இங்கிலீஷ் பாதங்களை ஒட்டவைக்கிறவர்கள் வேட்டிக்கு மேலே டை கட்டிவிடுகிறவர்கள். பழைய ‘லை’யிலும் ‘ணை’யிலும் யானைத் துதிக்கைபோல் ஒரு கோடு வளைந்து நின்றது. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் அதை நீக்கியது. அச்சுக் கோப்பவருக்குச் சௌகரியம். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பிறவி நகையைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவோடு போகிறவரிடம் நகை இரவல் வாங்குவானேன்?

அப்படியானால் அலங்காரமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. பியாட்ரிஸ் வார்ட் என்ற அம்மையார் 1930இல் லண்டனில் பேசியபோது, அச்செழுத்து தெளிந்த கண்ணாடிக் கிண்ணம்போல் இருக்கவேண்டும், உள்ளே இருப்பதைக் காட்டவேண்டுமே தவிரத் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றார். நாவலின் உள்பக்கங்களுக்கு அது சத்தியமான வார்த்தை. தலைப்புக்கு அல்ல. தலைப்பு, வாசலில் நின்று வரவேற்கிறவன். அவன் கொஞ்சம் சிங்காரித்துக்கொள்ளலாம்.

நம் வாரப் பத்திரிகைகளில் கதைத் தலைப்பைச் சித்திரக்காரர் கையால் எழுதிய காலம் ஒன்று இருந்தது. பேய்க்கதை என்றால் எழுத்து நடுங்கும். சரித்திரக் கதை என்றால் வாள்போல் நீளும். ஒரு கதைக்கென்று எழுதியது அந்தக் கதைக்கே உரியது. மறுவாரம் சோப்பு விளம்பரத்தில் வந்து நிற்காது. இன்றைக்குக் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே எழுத்து. எங்கும் ஒட்டக்கூடிய அலங்காரம் எதற்கும் அலங்காரமாகாது.

இதில் நஷ்டம் யாருக்கு? பெரியவர்கள் ஊகித்து வாசித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் குழந்தைக்குத் தெருதான் இரண்டாவது பள்ளிக்கூடம். முதல் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் புள்ளி வை என்கிறார். தெருவில் இருக்கும் போர்டு வேண்டாம் என்கிறது. குழந்தை எதை நம்பும்? பெரிதாக இருப்பதைத்தான் நம்பும்.

1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்சுக்கள் மிகப் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகவில்லை. இந்த மண்ணிலேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். வந்தது வரட்டும் என்று இருந்துவிடவில்லை. அந்த ரோஷம் நமக்கும் வேண்டும்.

அச்சகத்தார் மாதிரியைக் கொண்டுவந்து காட்டும்போது, தங்கக் கலரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறினால் பிள்ளையைத் திருத்தாதீர்கள். மாதிரியைத் திருப்பிக் கொடுங்கள்.