ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஊழியர் முதுகும்

நோயாளியைக் கட்டிலினின்று எழுப்பிச் சக்கர நாற்காலியில் அமர்த்தும் வேலை நமது ஆஸ்பத்திரிகளில் ஆயாக்களையும் வார்டு பணியாளரையும் சார்ந்தது. அவர்கள் போதாவிடில் நோயாளியின் உறவினர் தோள் கொடுப்பர். கேட்டால், ஆள் பற்றாக்குறை என்று நிர்வாகிகள் ஒரே பல்லவியைப் பாடுகின்றனர். அது மெய்யே. ஆயினும் இருக்கிற ஆளின் தேக பலத்தையும் வீணடிப்பவை அவர்களே வாங்கிப் போட்ட கட்டில்களும் நாற்காலிகளும் என்பது நமது அபிப்பிராயம்.

60 கிலோ எடையுள்ள நோயாளியை இருவர் தூக்கினால் தலைக்கு 30 கிலோ. நிலைமை அனுகூலமாயிருந்தாலும் கையால் தூக்குவோருக்குச் சுமார் 16 கிலோவே உச்ச வரம்பு என்று 2007-ம் வருஷத்தில் தாமஸ் வாட்டர்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுதினார். அரிசி மூட்டை நடுங்காது. நோயாளியோ நழுவுவார், பயத்தில் தூக்குபவரின் கழுத்தைக் கட்டிக்கொள்வார். கட்டிலும் தாழ்வாயிருந்தால் முதுகு வளைந்த நிலையிலேயே இப்பாரத்தைத் தாங்கவேண்டும்.

ஆம்பூர்த் தோல் சாலைகளில் ஈரத்தோல் சுமப்பவனுக்கு ஏட்டளவிலாவது ஒரு காப்பு இருந்தது. தேகத்துக்குக் கெடுதி விளைக்கும் பாரத்தைத் தூக்கச் செய்யலாகாதென்று 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டத்தின் 34-வது பிரிவு விதித்தது. ஆஸ்பத்திரி வார்டைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. ஈரத்தோலின் கனம் சட்டத்துக்குத் தெரிந்தது. மனித சரீரத்தின் கனம் தெரியவில்லை!

மாற்று வழிக்குச் சீமைக்குப் போகவேண்டியதில்லை. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். பின்பு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் 1966-ல் பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் ஏற்பட்டது. கால் வழங்காதவர் பிறர் தூக்காமல் தாமே இடம் மாறப் பழகுவது இத்தகைய நிலையங்களில் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. அதற்கு வேண்டிய சாமான்கள் மிக எளியவை. கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரமாயிருக்கவேண்டும். நாற்காலியின் கைச்சட்டம் கழலவேண்டும். சக்கரம் அசையாதபடி பிரேக் பிடிக்கவேண்டும். இரண்டுக்கும் குறுக்கே வழவழப்பான ஒரு மரப்பலகை வேண்டும். கையில் வலுவுள்ளவர் அதன்மேல் நகர்ந்துவிடுவார். ஒருவர் பக்கத்தில் நின்று கவனித்தால் போதும். கைச்சட்டம் நிலையாகப் பற்றவைத்த நாற்காலியாயின், அதே நோயாளியை அச்சட்டத்துக்கு மேலே தூக்க இருவரோ மூவரோ வேண்டும்.

நிற்கக்கூடிய நோயாளிக்கு இடுப்பில் பூட்டும் கைப்பிடி வைத்த வார் ஒன்று உண்டு. சட்டையையும் அக்குளையும் பற்றி இழுப்பதற்குப் பதிலாக அதைப் பிடித்துத் தாங்கலாம். அந்நிய நாட்டார் காலுக்கு ஜோடு தைத்து அனுப்பும் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் இதைத் தைப்பது பெரிய வித்தையா? எளிதில் துடைத்துச் சுத்தம் செய்யத்தக்கதாயிருக்கவேண்டும் என்பதொன்றே நிபந்தனை.

டெண்டரில் விலை குறைந்த கட்டிலையே எடுக்கும் கமிட்டிகளுக்கு ஒன்று சொல்வோம். கையெழுத்திடுமுன் மாதிரிக் கட்டில் ஒன்றை வார்டில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். அதை ஏற்பதா தள்ளுவதா என்று இராப்பணி ஆயாவைக் கேளுங்கள்.