ஆயுள் முழுக்க ஒரே எண்ணெயா?

முழங்கால் வலி வந்தபின் நம் வயதுக்காரர்கள் பலர் கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறிவிட்டார்கள். நானும்தான். ஆனால், "இதன் கியர் ஆயில் ஆயுள் முழுக்க வரும், மாற்றவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். அந்த எண்ணெய் வழுக்குவதற்கு மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். சூட்டிலேயே கிடக்கிற எண்ணெய் ஒருநாள் கெடத்தான் செய்யும்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். 2014-ல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி., உண்மையில் சாதாரண கியர் பெட்டிதான். கிளட்ச் மிதிக்கிற வேலையை ஒரு கருவி செய்கிறது. சி.வி.டி.க்கு எண்ணெய் வேறு, டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு வேறு. மாற்றி ஊற்றினால் பெட்டி போச்சு. என் சிநேகிதர் ஒருவருக்கு அப்படி நடந்தது; பல மாதப் பென்ஷன் பில்லிலேயே கரைந்தது. கையேட்டில் உள்ள பெயரும் டப்பாவில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கோப்புப் பார்த்தே காலம் தள்ளிய நமக்கு இது என்ன பெரிய வேலை!

எண்ணெய் மாற்றுவதைப் பிரெஞ்சில் 'விதாஞ்ஜ்' என்பார்கள். காலி செய்வது என்று பொருள். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் அந்தச் சொல் பொய்யாகிவிடும். அடிப் போல்ட்டைக் கழற்றினால் பாதி வந்தாலே பெரிது, மிச்சம் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். வடித்துவிட்டு மேல் மூடி திறக்காமல் போனால், வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. நாலு பக்கமும் ஸ்டாண்டு வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். ஓடி வந்த வண்டியின் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும், சற்று ஆறவிடட்டும். பல வண்டிகளில் அளவுக்கோலே கிடையாது. குறிப்பிட்ட சூட்டில், இன்ஜின் ஓடும்போதுதான் மட்டம் பார்க்க முடியும். ஆகவே இது நாம் படுத்துச் செய்கிற வேலை இல்லை. ஆனால் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள். கோபித்துக்கொள்ளும் மெக்கானிக் நமக்கு வேண்டாம்.

பழைய எண்ணெயைக் கேனில் அடைத்து, அதை எடுத்துக்கொள்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நம் பெரிய வாய்க்கால் ஏற்கெனவே பட்டது போதும்.