மலை வழிகாட்டியும் துறைமுக வழிகாட்டியும்

கொச்சித் துறைமுகத்திற்கு வரும் பெருங்கப்பல் எதுவும் தன் விருப்பம்போல் உள்ளே நுழைந்துவிடுவதில்லை. வெளிக்கடலில் அது காத்து நிற்கும். துறைமுகத்திலிருந்து ஒரு சிறு படகு புறப்பட்டுச் சென்று, துறைமுக வழக்கில் பைலட் எனப்படும் கப்பல் வழிகாட்டியை அதன்மீது ஏற்றிவிடும். கப்பலின் தலைவர் ஏழு கடல்களையும் கண்டவராக இருக்கலாம். ஆயினும் வெலிங்டன் தீவுக்கு வரும் இக்கால்வாயின் ஆழத்தையும், வேலியேற்றத்தின் போக்கையும், பருவமழைக்குப் பின் மணல் எங்கே படிந்துள்ளது என்பதையும் அவர் அறியார். அவற்றை அறிந்தவரோ, வேறெந்தத் துறைமுகத்திலும் அல்லாமல் இத்துறைமுகத்தில் பணிபுரியத் தேர்ச்சியும் உரிமமும் பெற்ற பைலட் ஒருவரே.

இந்த ஏற்பாட்டிற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சிக்கு வந்தபோது, முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல் திட்டு பெரிய கப்பல்களை உள்ளே விடவில்லை. அத்திட்டை வெட்டிக் கால்வாய் அமைக்கப்பட்டது. 1928 மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்தை அடைந்தது. வாரியெடுத்த சேறும் மணலும் கொட்டப்பட்ட இடம் வெலிங்டன் தீவாயிற்று. கடல் அக்கால்வாயை ஓயாமல் மீண்டும் தூர்க்க முயல்கிறது. ஆதலின் நேற்றைய அறிவு இன்றைக்குப் போதாது. 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம், பைலட் விதி நடைமுறையிலிருந்த துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் பைலட் இன்றி நுழையவோ வெளியேறவோ இடம் மாறவோ கூடாதென விதித்தது. 2025இல் அச்சட்டத்திற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டபோதிலும், இக்கொள்கையை எவரும் ஐயுறவில்லை.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பெரிய துறைமுகங்களில் பைலட் துறைமுகத்தின் சம்பளக்காரர். கப்பல் கம்பெனியின் கூலியாள் அல்லர். ‘நீரோட்டம் சரியில்லை, காத்திருங்கள்’ என்று அவர் சொன்னால், இழப்பு கம்பெனிக்கு உண்டு. அவருக்கு ஒரு காசும் குறைவதில்லை.

இனி, இதே தீவிலிருந்து மலையை நோக்கிச் செல்லும் சாலையைப் பார்க்கலாம். தீவிலிருந்து புறப்படும் சிறு நெடுஞ்சாலை குண்டன்னூரில் கொச்சி–தனுஷ்கோடிச் சாலையோடு சேர்கிறது. அச்சாலை மூணாறு, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூரில் இறங்குகிறது. வழிநெடுகிலும் உயர்ந்த மலைகள். 1978இல் தேசியப் பூங்காவான இரவிகுளமும், அதனுள் 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடியும் இங்குள்ளன. 2003இல் தேசியப் பூங்காக்களாக்கப்பட்ட ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை ஆகியனவும் இப்பகுதியில் உள்ளவையே. இம்மலைகளின் தேயிலை வெலிங்டன் தீவின் ஏலத்திற்கு இறங்கி வருகிறது. நகரத்து மக்கள் விடுமுறை நாட்களில் மேலே ஏறிச் செல்கின்றனர். ஆயிரம் டன் சரக்கைச் சேற்றுக் கால்வாய்க்குள் கொண்டுவர உரிமம் பெற்ற மனிதர் வேண்டும் என்று தீவில் விதி இருக்க, முப்பது பேரைக் காய்ந்த புல்வெளியின் ஊடே அழைத்துச் செல்பவருக்கு அத்தகைய தேர்வு நெடுங்காலம் இல்லாதிருந்தது. இவ்வேறுபாடு வெறும் அலுவலகக் குறைபாடன்று. அதன் விலை உயிர்களால் செலுத்தப்பட்டுள்ளது.

2018 மார்ச் 10ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு இரு குழுவினர் ஏறினர். ஒன்று சென்னையிலிருந்தும் மற்றொன்று ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்தவை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. அங்கேயே மாண்டோரும், பின்னர் மருத்துவமனைகளில் மாண்டோருமாக இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இளைஞர்கள், பெண்கள் பலர். அனுமதி பெற்ற தடம் ஒன்று, சென்ற தடம் வேறு என்று அப்போது கூறப்பட்டது. குரங்கணி தேசியப் பூங்கா அன்று என்பதும் உண்மை. எனினும் பூங்காவின் எல்லைக்கல்லைத் தீ அறியாது. அங்கு நேர்ந்தது எந்த மலைப்பூங்காவின் சரிவிலும் நேரக்கூடியதே.

சரிவில் எரியும் தீயின் இயல்பைக் களப்பணியாளர் அறிவர். ஆசிரியர்கள் அதனை வகுப்பறையிலேயே விளக்கலாம். சமதரையில் சுவாலை நேராக மேலெழுகிறது. சரிவிலோ சுவாலைக்கும் மேலே உள்ள புல்லுக்கும் இடைவெளி குறைந்துவிடுகிறது. வெப்பம் முன்கூட்டியே சென்று புல்லின் ஈரத்தை உறிஞ்சி, அதனைப் பற்றத் தயாராக்கிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கையாளும் கணக்கு. 20 பாகைக்கு நான்கு மடங்கு, 30 பாகைக்கு எட்டு மடங்கு! பகல் வெயிலில் சரிவு சூடேறக் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கியே வீசும். தீயைக் கண்டவுடன் மேட்டை நோக்கி ஓடுவது மனித இயல்பு. ஓடுகிறவனைவிடத் தீ விரைவாக ஏறும். பக்கவாட்டில் விலக வேண்டும். வெற்றுப் பாறையையோ, ஓடைப் படுகையையோ, முன்பே எரிந்து கறுத்த நிலத்தையோ அடைய வேண்டும். நைலான் போன்ற செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய செய்தி. இவ்வளவையும் அறிந்தவர் மார்ச் மாதத்தில் அப்புல்வெளியில் கால் வைக்கும் முன்பே இருமுறை யோசிப்பார். அன்று தீயைக் கண்டு முதலில் உதவிக்கு ஓடியவர்களில் மலையடிவார ஊர்மக்களே முன்னின்றனர் என்பதை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும்.

அதன்பின் தமிழ்நாட்டு அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் 2018லேயே பிறந்தன. தடங்கள் எளியன, இடைத்தரமானவை, கடினமானவை என வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 தடங்கள் வன இலாகாவின் மேற்பார்வையில் திறக்கப்பட்டு, அருகிலுள்ள ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்தோர் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாயினர். தீப்பருவத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. கேரளத்திலும் இரவிகுளம் வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில் ஆண்டுதோறும் மூடப்படுகிறது. இவை யாவும் பாராட்டுக்குரியன.

எனினும் நாளும் எண்ணிக்கையும் கட்டணமும் எளிதில் விதிகளாகிவிடும்; ‘போதும், திரும்புவோம்’ என்று சொல்லும் அதிகாரம் அத்துணை எளிதில் விதியாவதில்லை. வணிக முறையில் நடக்கும் மலையேற்றத்தின் அமைப்பை நோக்கினால் இது விளங்கும். நகரத்திலுள்ள நிறுவனம் இருக்கைகளை விற்கிறது. பயணிகள் பணம் கட்டி, விடுப்பெடுத்து, இரவெல்லாம் பிரயாணம் செய்து வருகின்றனர். அவர்கள் வாங்கியிருப்பது சிகரத்தை. குழுத் தலைவர் பெரும்பாலும் அந்நிறுவனத்தைச் சார்ந்த இளைஞர். மலையை உண்மையில் அறிந்த உள்ளூர்க்காரரோ அடிவாரத்தில் நாட்கூலிக்கு அமர்த்தப்படுபவர். வானம் கறுத்தாலும், தொலைவில் புகை தெரிந்தாலும், அவர் வாய்திறப்பதற்கு முன் தம் கூலியை நினைக்க வேண்டியிருக்கிறது. இந்நிலையில் ஒருவர் எவ்வளவு அறிந்தவராயினும் அவரது அறிவு பயன்படாது.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்திற்கு 1820இல் ஹாமெல் என்ற விஞ்ஞானி வழிகாட்டிகளுடன் ஏறினார். வானிலை கெட்டிருந்தது. வழிகாட்டிகள் தயங்கினர், ஆயினும் பயணம் தொடர்ந்தது. பனிச்சரிவு மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளிப் புதைத்தது. (அவர்களது உடற்பகுதிகள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1861இல், பனியாற்றின் கீழ்ப்பகுதியில் வெளிப்பட்டன. பனியாறு நகரும் வேகத்திற்கு இதைவிடத் துயரமான சான்று கிடைப்பது அரிது.) அவ்விபத்தின் மறு ஆண்டே ஷமோனி ஊர் வழிகாட்டிகள் ஒரு சங்கமாகக் கூடினர். வழிகாட்டிகளை வரிசை முறைப்படி அனுப்புவதும், இறந்தோர் குடும்பத்திற்கு உதவுவதும் அதன் பணிகளாயின. பணக்காரப் பயணி ஒருவரின் தயவை வழிகாட்டி நாட வேண்டியதில்லை என்ற நிலை அவ்வரிசை முறையினால் ஓரளவு ஏற்பட்டது. சிலருக்கு அது தகுதியைப் புறக்கணிக்கும் முறையாகத் தோன்றியது. அவர்கள் குறையும் முற்றும் பொய்யன்று.

யார் வழிகாட்டியாகத் தகுதியுடையவர் என்ற வினாவுக்கு இம்மலைகளிலேயே விடை இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பகுதியில், வயணா மரப்பட்டையைக் காட்டிலிருந்து களவாகச் சேகரித்து வந்தோரை வன இலாகா ஒரு குழுவாக அமைத்தது. வழக்குகளுக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த அவர்கள் காட்டின் காவலராகவும் பயணிகளின் வழிகாட்டிகளாகவும் மாறினர். எவ்வழியே கள்ளர் வருவர் என்பதை அவர்களைவிட யார் அறிவார்? அகத்தியமலையில் 1987இல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிமக்கள், களைப்பின்றி நடக்கச் சிறு காய் ஒன்றை மென்றதைக் கண்டுதான் ‘ஆரோக்கியபச்சை’ அறிவியல் உலகிற்குத் தெரியவந்தது. அச்செடியைக் கொண்டு செய்த மருந்தின் வருவாயில் ஒரு பகுதி காணிமக்களுக்குச் சேர வழி செய்யப்பட்டது. வழிகாட்டி என்பவர் சுமை தூக்கி முன்னே நடப்பவர் மட்டுமே என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருப்பது வியப்புக்குரியது.

இமயமலைப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் போதாதா என்று கேட்கப்படலாம். டார்ஜிலிங்கில் 1954லும் உத்தரகாசியில் 1965லும் தோன்றிய மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் சிறந்தவை. பனியிலும் பாறையிலும் கயிற்றைக் கையாள அங்கே கற்கலாம். ஆனால் யானைத் தடமும், அட்டைக் காடும், புல்வெளித் தீயும், திடீரெனப் பெருகும் காட்டாறும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாடங்கள். பம்பாய்த் துறைமுகத்தில் தேர்ந்த பைலட் கொச்சியில் மீண்டும் தேற வேண்டும். மலைக்கும் அதுவே முறை. உரிமம் ஒரு பூங்காவுக்கு, அல்லது ஒரு தடத்துக்கு மட்டும் வழங்கப்பட வேண்டும்.

தனியாரை விலக்கி அரசாங்கமே நடத்தினால் அபாயம் நீங்கும் என்பாரும் உளர். 2009 செப்டம்பர் 30இல் தேக்கடி ஏரியில் கவிழ்ந்து 45 உயிர்களைப் பலிகொண்ட ‘ஜலகன்யகா’ அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகே. உரிமையாளர் யார் என்பதனால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. முற்றிலும் தடைசெய்துவிடுவதும் பயனற்றது. தடை நீடிக்குமிடத்தில் அனுமதியின்றி ஏறுவோர் மிகுவர். அவர்களுடன் வழிகாட்டியே இருக்கமாட்டார். அவர்கள் எங்கே உள்ளனர் என்பது சோதனைச் சாவடிக்கும் தெரியாது.

புதுச் சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சரணாலயங்களில் சுற்றுலாவுக்கான அனுமதியைத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் கையில் வைத்திருக்கிறது. 35ஆம் பிரிவு அதனைத் தேசியப் பூங்காக்களுக்கும் பொருத்துகிறது. அனுமதியுடன் நிபந்தனைகளும் செல்லும். உள்ளூர் வழிகாட்டியின் ஊதியத்தை நிறுவனம் நேரே கொடாமல் பூங்கா அலுவலகத்தில் முன்னதாகக் கட்டிவிட வேண்டும். பயணம் பாதியில் நின்றாலும் முழு ஊதியமும் அவருக்கே சேர வேண்டும். திரும்புவதென அவர் முடிவு செய்தால் குழு முழுவதும் திரும்ப வேண்டும். மீறிய நிறுவனத்திற்கு மறு அனுமதி கிடையாது. கப்பலில் பைலட் இருந்தாலும் தலைமை கப்பல் தலைவரிடமே இருக்கும் என்பதைச் சுட்டி, வழிகாட்டிக்கு அதனினும் மிகுந்த அதிகாரம் ஏன் என்று வினவலாம். கப்பல் தலைவர் தேர்ந்த மாலுமி. மலையேறும் குழுத் தலைவருக்கு அத்தகைய தேர்வு எதுவும் விதிக்கப்படவில்லை என்பதே விடை. இதனால் கட்டணம் சற்று உயரும். உயரட்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. இயற்கை முகாமுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஊதியமின்றி வழிகாட்டியின் பொறுப்பை ஏற்பவரே. பூங்காவின் வழிகாட்டியை மாணவர் முன்னிலையில் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி, இன்று இவர் சொல்வதே முடிவு என்று புறப்படும்போதே கூறிவிடுதல் நலம். தாமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். களப்பணியாளர் செய்யத்தக்கது இன்னும் எளிது. சாவடிப் பதிவேட்டில் சென்றோர் தொகையும் மீண்டோர் தொகையும் எழுதப்படுகின்றன. பாதியில் திரும்பிய குழு எது, எந்த இடத்தில், எந்த மணிக்கு, எக்காரணத்தால் என்பதற்கு மேலும் ஒரு பத்தி கோடிட்டுக் கொள்ளலாம். இரண்டு மூன்று பருவங்கள் சென்றபின் அப்பத்தியைப் பார்த்தால், எத்தடம் எந்த மாதத்தில் ஆபத்தானது என்பது விளங்கும். ஆண்டு முழுவதும் அது வெறுமையாகவே இருக்கும் தடத்தில் வழிகாட்டிகளை அழைத்துத் தனியே விசாரிக்க வேண்டும்.